எந்த ஊர்க் கத்திரிக்காய்?

முதலில் என் அசட்டுத்தனம் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சென்ற வருடம் மெல்பர்னில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்த் திரும்பியதும், அங்கே சனிக்கிழமைதோறும் கூடும் உழவர் சந்தையைப் பற்றி ஒரு பத்திரிகையில் உருகி உருகி எழுதினேன். விளைவித்தவனே விற்கிறான், வாங்குகிறவன் அவன் கையைக் குலுக்குகிறான், பக்கத்தில் ஒருவர் வயலின் வாசிக்கிறார், நாய்கள்கூட வரிசையில் நிற்கின்றன என்றெல்லாம் வர்ணித்துவிட்டு, ‘இப்படி ஒன்று நம் ஊரில் என்றைக்கு வரும்?’ என்ற பெருமூச்சோடு முடித்திருந்தேன்.

சென்னையில் என் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஓர் உழவர் சந்தை இருக்கிறது. என் மனைவி வருடக்கணக்காக அங்கேதான் காய் வாங்குகிறாள். அவளை ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுகிறவன் நான்தான். அவள் வரும்வரை வாசலில் நின்று பேப்பர் படிப்பேன். ‘உழவர் சந்தை’ என்ற பெயர்ப்பலகைக்கு அடியில் நிழல் நன்றாக இருக்கும்.

கட்டுரை வந்த அன்றே கடலூரிலிருந்து ஜமால் போன் செய்தான். அண்ணாமலை நகரில் படித்த காலத்தில் ஒரே லாட்ஜ் அறையில் என்னோடு குடியிருந்தவன். சொந்த ஊர் பரங்கிப்பேட்டை. பாதி ஆயுளை வளைகுடாவில் கழித்துவிட்டு இப்போது கடலூரில் வீடு கட்டிக்கொண்டு, தெருவில் நடக்கும் எல்லாவற்றுக்கும் செயலாளராக இருக்கிறான்.

“மச்சான், படிச்சேன்டா. வெள்ளக்காரன் கேரட்டு வித்தா அது சமூக வாழ்க்கை. நம்ம ஊருல கோவிந்தம்மா கத்திரிக்கா வித்தா அது சத்தமா? ஒழுங்கா பொறப்பட்டு வா. எங்க தெருவுல ஞாயித்துக்கெழம சந்த நடக்குது. வந்து பாத்துட்டு அதையும் எழுது. வயலின் வேணும்னா சொல்லு, பக்கத்து வூட்டுப் பொண்ணு கத்துக்கினு இருக்குது. கேட்டா நீயே வேணாம்னுடுவ.”

வெள்ளிக்கிழமை மாலை கடலூரில் இறங்கினேன். ஜமாலின் மனைவி மும்தாஜ் கத்திரிக்காய் போட்டுக் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். மெல்பர்னில் இப்படிக் குழம்பு வைத்தால் தீயணைப்பு வண்டி வந்துவிடும். மூன்றாம் முறை சோறு போட்டுக்கொண்டபோதுதான், ஜமால் என்னை அழைத்ததற்குக் கட்டுரை மட்டும் காரணமில்லை என்று தெரிந்தது.

அவர்கள் தெருக்கோடியில் ஒரு காலி மனை. குடியிருப்போர் சங்கம் அதில் பந்தாட்டக் களம் போடுவதாக இருந்தது. யாருக்கும் முழங்கால் சரியில்லாததால் அது நடக்கவில்லை. பதிலாக ஞாயிறு காலைகளில் சுற்றுப்பக்கத்து விவசாயிகள் சாக்கு விரித்துக் காய் விற்கிறார்கள். விதி ஒன்றே ஒன்று: சொந்தமாக விளைவித்ததைத்தான் விற்கவேண்டும். இந்த விதியை எல்லோரும் ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறார்கள். பொய் வேறு இடத்தில் இருக்கிறது.

“கடலூர்க்காரன் கத்திரிக்காய கைல எடுத்தா மொதல்ல என்னா கேப்பான்?” என்றான் ஜமால்.

“விலை.”

“அது ரெண்டாவது. மொதல்ல ‘எந்த ஊரு காய்’னு கேப்பான். அதுக்கு ஒரே ஒரு பதிலுதான். பாலூர். நம்ம சந்தையில ஒக்கார்ற அத்தினி பேரும் பாலூருதான் மச்சான். பாலூருல அவ்ளோ நெலம் இருந்துச்சுன்னா இன்னேரம் அது தனி மாவட்டமா ஆயிருக்கும்.”

பாலூர் கெடிலம் ஆற்றுப் பக்கத்து ஊர். அங்கே அரசாங்கக் காய்கறி ஆராய்ச்சி நிலையம் இருப்பதால், பாலூர்க் கத்திரி என்றால் இந்த வட்டாரத்தில் ஒரு மரியாதை. கேட்பவனுக்கும் அது பொய்யாக இருக்கலாம் என்று தெரியும். சொல்பவளுக்கும் அவனுக்குத் தெரியும் என்று தெரியும். கல்யாண வீட்டில் ‘சாப்பாடு பிரமாதம்’ என்று சொல்வதைப் போல இது ஒரு நாகரிகம்.

இந்த நாகரிகத்தை ஒருத்தி கெடுத்துக்கொண்டிருந்தாள். பெயர் செந்தாமரை. ‘எந்த ஊரு?’ என்று கேட்டால் ‘செம்மங்குப்பம்’ என்று சொல்லிவிடுகிறாள். அதையும் மெதுவாகச் சொல்வதில்லை.

செம்மங்குப்பம் என்றால் கடலூரில் ஊர் நினைவுக்கு வராது, ரசாயனத் தொழிற்பேட்டைதான் நினைவுக்கு வரும். கேட்டவர் கையிலிருக்கும் காயை, கை சுட்டதுபோலக் கீழே வைத்துவிட்டு அடுத்த சாக்குக்குப் போவார். அதோடு விட்டால் பரவாயில்லை. அங்கே போய், “நீயாச்சும் நெஜமாவே பாலூரா?” என்று அழுத்திக் கேட்பார். ஒருத்தி சொல்லும் உண்மையால் மற்ற எல்லோருடைய பொய்யும் ஆட்டம் கண்டுவிட்டது. விற்கிறவர்களே சங்கத்தில் முறையிட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சந்தை முடிந்ததும் கூட்டம். மற்றவர்களைப் போலச் சொல்லச் சம்மதிக்காவிட்டால் செந்தாமரைக்கு இனி இடம் கிடையாது என்று தீர்மானம் வரப்போகிறது.

“தலைவர் ரொம்ப உறுதியா கீறாரு. நான் செகரட்டரி, நான் எதிர்த்துப் பேசினா வீட்டுக்காரி பேச்சக் கேட்டுகினு பேசறேம்பாங்க.”

“எதற்கு?”

“அவ கிட்டதான் நான் காய் வாங்கறேன்ணே” என்றாள் மும்தாஜ். “இப்ப நீங்க மூணு வாட்டி போட்டுக்கினு சாப்டீங்களே, அது செம்மங்குப்பம்தான்.”

என் கை ஒரு கணம் நின்றது. அதை மும்தாஜ் பார்த்துவிட்டாள். அந்த ஒரு கணத்துக்காக எனக்கு என்மேலேயே கோபம் வந்து, நான்காவது முறையும் போட்டுக்கொண்டேன். “கூட்டத்தில் நான் பேசுகிறேன்” என்று அறிவித்தேன்.

“அதாண்டா எனக்கு பயமா இருக்குது” என்றான் ஜமால்.

சனிக்கிழமை சிதம்பரம் போனோம். கொத்சு சாப்பிடவேண்டும் என்பது வெளியில் சொன்ன காரணம். வேறு காரணமும் இல்லை.

பஸ்ஸில் எனக்கு ஜன்னலோர இடம் கிடைத்த மகிழ்ச்சி கடலூரைத் தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது. நின்றுகொண்டிருந்த ஒரு பெரியவர், “சார், செத்த இத புடிங்க” என்று ஒரு முழுப் பலாப்பழத்தை என் மடியில் இறக்கிவிட்டு, கம்பியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். கைக்குழந்தை என்றால் அழும்போதாவது திருப்பிக் கொடுக்கலாம். பலாப்பழம் அழாது. ஒவ்வொரு வேகத்தடையிலும் அதன் முள் என் தொடையில் தன் இருப்பைத் தெரிவித்தது.

தொழிற்பேட்டை நெருங்கியதும் ஒன்று நடந்தது. யாரும் யாருக்கும் சொல்லவில்லை. பஸ் முழுக்க ஜன்னல் கண்ணாடிகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. பேச்சை நிறுத்தாமல், போனிலிருந்து கண்ணை எடுக்காமல், கை மட்டும் போய் மூடியது. நானும் பலாப்பழத்தை ஒரு கையால் அணைத்துக்கொண்டு மறு கையால் மூடினேன். அடுத்த நிறுத்தத்தில் கதவு திறந்தது. பள்ளிச் சீருடையில் இரண்டு பெண்களும், மருந்துப் பையோடு ஒரு கிழவரும் இறங்கி, நாங்கள் கண்ணாடி போட்டு வெளியே நிறுத்தியிருந்த அந்தக் காற்றுக்குள் சாதாரணமாக நடந்துபோனார்கள். அவர்கள் வீடு அங்கே இருக்கிறது. அதற்குமேல் அதில் விசேஷமில்லை.

சிதம்பரத்தில் கீழ வீதிப் பக்கம் இட்லியும் கொத்சும் சாப்பிட்டோம். கத்திரிக்காயைச் சுட்டு மசித்துப் புளிவிட்டுச் செய்கிற இந்த வஸ்துவைச் சட்னிக்கும் குழம்புக்கும் நடுவில் எங்கேயோ வைக்கலாம். எங்கே என்று யோசிப்பதற்குள் தீர்ந்துவிடும். பரிமாறியவரிடம் இன்னும் கொஞ்சம் கேட்டேன். “கொத்சுக்கு இட்லியா, இட்லிக்குக் கொத்சா சார்?” என்று கேட்டுவிட்டுத்தான் ஊற்றினார்.

சிதம்பரத்து உழவர் சந்தையை உள்ளே போய்ப் பார்த்தேன். இந்த முறை வாசலில் நிற்கவில்லை என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். வெளியே வந்து தெருவில் நடந்தபோது ஒருவர் நாலு கூடைக் கத்திரிக்காயோடு மர நிழலில் உட்கார்ந்திருந்தார். கடலூர்ப் பழக்கம் ஒரே இரவில் எனக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது.

“எந்த ஊர்க் காய்?”

“கொள்ளிடக்கர சார். கொத்சுக்குன்னே வெளைஞ்சது. வெரலால அமுக்கிப் பாருங்க.”

அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவருக்குப் போன் வந்தது. “ஆமாம்மா, வந்துட்டன். பாலூருலேர்ந்து மொத பஸ்ஸே புடிச்சிட்டன். நம்ம தோட்டத்துக் காய்தான், வித்துட்டு ஊட்டுக்கு வரன். புள்ள எழுந்திரிச்சிட்டாளா?”

ஜமால் என் தோளைப் பிடித்துக்கொண்டான். ஒரு பறவை ஆராய்ச்சியாளர் அழிந்துபோனதாகக் கருதப்பட்ட பறவையைக் கண்டதுபோல அவன் குரல் நடுங்கியது. “மச்சான், நெஜமான பாலூருடா!”

விசாரித்தோம். பெயர் தட்சிணாமூர்த்தி. மகளைச் சிதம்பரத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறார். சனிக்கிழமை பேத்தியைப் பார்க்க வருகிற சாக்கில் காய் கொண்டுவருவார்.

“பாலூரை வைத்துக்கொண்டு ஏன் கொள்ளிடம் என்கிறீர்கள்?” என்று கேட்டேன். அவருக்கு வெட்கமோ கோபமோ வரவில்லை.

“கடலூருல பாலூருன்னா பல்ல இளிப்பாங்க. இங்க பாலூருன்னா, அது எங்க இருக்குதும்பாங்க. அதுக்கு வழி சொல்லிகினு இருந்தா காய் வாடிடும் சார்.”

மூன்று கிலோ வாங்கினேன். நாளைய கூட்டத்துக்கு என் கையில் ஓர் ஆயுதம் கிடைத்துவிட்டது. பாலூர்க்காரரே பாலூர் என்று சொல்வதில்லை. இதைக் கேட்டதும் தலைவர் வாயடைத்துப் போவார்.

திரும்புமுன் அண்ணாமலை நகருக்குப் போய் எங்கள் பழைய லாட்ஜைத் தேடினோம். அது இப்போது உடற்பயிற்சிக் கூடம். எங்கள் அறை இருந்த இடத்தில் ஒரு மாணவன் தன் எடைக்கு இரண்டு மடங்கு இரும்பைத் தூக்கிக்கொண்டிருந்தான். மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த எங்களிடம் வரவேற்பிலிருந்த பெண் அன்போடு சொன்னாள்: “வாங்க அங்கிள். ஒங்க வயசுக்குத் தனி பேக்கேஜ் இருக்குது. மூச்சு வுடறதுலேர்ந்து ஆரம்பிப்போம்.” நாங்கள் மூச்சு விடாமல் வெளியே வந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை. சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை அணிந்து, பையில் பேனா செருகி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். நீதிக்காகப் பேசப் போகிறவன் கசங்கிய சட்டையில் போகக் கூடாது.

மனை அதற்குள் நிரம்பியிருந்தது. மெல்பர்ன் சந்தையில் கேரட் விற்கிறவரிடம் எல்லோரும் கேரட்டைப் பற்றியே பேசுவார்கள். தாடிவைத்த ஒருவர் ஒரே ஒரு கேரட்டைக் காட்டி எனக்கு நெடுநேரம் வகுப்பெடுத்தார். இங்கே காயைப் பற்றி விலைக்கு மேல் யாரும் பேசவில்லை. வெண்டைக்காயின் நுனியை உடைத்தபடி ஒரு மருமகளின் குணம் விசாரிக்கப்பட்டது. முருங்கைக்கீரைக் கட்டோடு யாருடைய கண் அறுவைச் சிகிச்சையோ விவரமாக இன்னொரு வீட்டுக்குப் போனது. ஒரே மதில்சுவரைப் பங்கிட்டுக்கொண்டு வருடம் முழுக்கப் பேசாமலிருக்கும் இரண்டு வீட்டுக்காரர்கள், தராசு முன்னால் நின்று மூன்றாவது மனிதரைத் திட்டுவதில் ஒற்றுமையானார்கள். வயலின் இல்லை. வரிசையில் நிற்கத் தெரியாத நாய் ஒன்று இருந்தது.

நுழைந்ததும் வலப்பக்கம் நிழலான இடத்தில் கோவிந்தம்மாள். அறுபதை நெருங்கியவர், பாக்கு மெல்லும் வாய். அவர் எதிரே சங்கத் தலைவர் பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெண்ணாடம் பக்கம் கரும்பு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மண்ணைப் பற்றித் தெரியாத விஷயமே கிடையாது என்ற நம்பிக்கை உள்ளவர்.

“பாருங்க சார்” என்று ஒரு கத்திரிக்காயை என் மூக்கருகே நீட்டினார். “பாலூர் மண்ணு. மண்ணு எப்படிப் பேசுது பாருங்க. வேற எந்தக் காயும் நம்ம வூட்டுக்குள்ள வராது.”

கோவிந்தம்மாள் முகத்தில் எதுவும் அசையவில்லை. பாக்கு மட்டும் அசைந்தது.

எதிர்க்கோடியில், வெயிலில், செந்தாமரை. சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை. குரலை வைத்துப் பார்த்தால் ஒலிபெருக்கி தேவையில்லை. நான் போய் என்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, இன்று முழுக்க அவருக்குத் துணையாக நிற்கப்போவதாகச் சொன்னேன்.

“நிக்கறதுன்னா நில்லுங்க சார். கீரை மேல மட்டும் காலு படாம பாத்துக்குங்க.”

நின்றேன். காயை ஒவ்வொன்றாக எடுத்து வெயிலில் உயர்த்திப் பார்த்தேன். முகர்ந்தேன். போனில் படமெடுத்தேன். கட்டுரைக்கு வேண்டுமே. வாங்க வருகிறவர்கள் நாலடி தூரத்தில் நின்று செந்தாமரையைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், திரும்பிப் போனார்கள். ஒருவர் மட்டும் தைரியமாக அருகில் வந்து, “என்னா சார் பாத்துகினு இருக்கீங்க?” என்று கேட்டார்.

“இந்தக் காயைத்தான் ரொம்ப நேரமாகக் கவனித்துக்கொண்டிருக்கிறேன்” என்றேன், கம்பீரமாக.

அவர் பையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு விரைந்தார். ஓர் ஊரின் பெயருக்கு இவ்வளவு பயமா என்று என் நெஞ்சு கொதித்தது. காலை முழுக்க இதே கதை. செந்தாமரை சும்மா கத்திரிக்காய்களை அடுக்கினார், கலைத்தார், மறுபடி அடுக்கினார். இரண்டொரு முறை என்னை ஏற இறங்கப் பார்த்தார். அதை நன்றி என்று எடுத்துக்கொண்டேன்.

வெயில் ஏறியதும் மற்றவர்கள் சாக்கை மடித்தார்கள். கூட்டம் அங்கேயே, வேப்பமரத்தடியில். தலைவருக்கு மட்டும் நாற்காலி. அவர் கெட்ட மனிதரில்லை. கண்டிப்பாகவும் அன்பாகவும் பேசினார்.

“இதோ பாரும்மா, ஒன்ன யாரும் தப்பு சொல்லல. ஆனா ஒன்னால எல்லாருக்கும் யாபாரம் கெடுது. பாலூருன்னு சொல்லு, இல்ல வாய மூடிகினு வித்துட்டுப் போ. ரெண்டும் முடியாதுன்னா வேற எடம் பாத்துக்க.”

நான் எழுந்தேன். மெல்பர்னிலிருந்து ஆரம்பித்தேன். அங்கே ஒவ்வொரு கடையிலும் பண்ணையின் பெயரை எவ்வளவு பெருமையாக எழுதி வைத்திருக்கிறார்கள் என்று விளக்கினேன். பிறகு ஆயுதத்தை எடுத்தேன். சிதம்பரம், மர நிழல், தட்சிணாமூர்த்தி, பேத்தி, போன், எல்லாவற்றையும் சொல்லி, “உண்மையான பாலூர்க்காரரே பாலூர் என்று சொல்வதில்லை ஐயா!” என்று முடித்தேன். என் கணக்குப்படி இங்கே ஒரு மௌனம் விழவேண்டும்.

தலைவர் முகம் மலர்ந்தது. “கரெக்டா சொன்னீங்க சார். அதத்தான் நானும் சொல்றேன். பாலூருக்காரனே எடத்துக்குத் தக்கன ஊரு மாத்திச் சொல்றான். இந்தம்மாவுக்கு மட்டும் என்னா கஷ்டம்?”

உட்கார்ந்துவிட்டேன். ஜமால் என் பக்கம் திரும்பவே இல்லை. அவன் தோள்கள் குலுங்குவது மட்டும் தெரிந்தது.

தலைவர் வெற்றிக்குப் பிறகு வரும் பெருந்தன்மையோடு ஒரு சமரசம் சொன்னார். “சரிம்மா, பாலூரு வேணாம். கடலூருன்னு சொல்லு. அது பொய்யும் இல்ல. செம்மங்குப்பம் கடலூருலதான இருக்குது?”

நியாயமாகத்தான் பட்டது. வெட்கத்தோடு சொல்கிறேன், நான் தலையைக்கூட ஆட்டிவிட்டேன். செந்தாமரை ஆட்டவில்லை. எழுந்து சேலையை உதறிக்கொண்டார்.

“சார், எம் புள்ள டிப்ளமா படிச்சிட்டு வேலையில இருக்கறான். பொண்ணு தேடறோம். ஜாதகம் பொருந்துது, படிப்பு பொருந்துது, எல்லாம் பொருந்துது. போன்ல ஊரு எதுன்னு கேப்பாங்க. சொன்னா, ‘கலந்துகினு சொல்றோம்’பாங்க. இன்னும் கலந்துகினே இருக்காங்க. தரகரும் இதயேதான் சொன்னாரு, ‘கடலூருன்னு மட்டும் சொல்லும்மா, போதும்’னு. நான் சொல்லல. நாளைக்கு வாழ வர்ற பொண்ணு பஸ்ஸ வுட்டு எங்க எறங்குவா? கடலூருலயா? காய்க்கு ஊரு மாத்தினா புள்ளைக்கு மாத்தணும். புள்ளைக்கு மாத்தினா அவன் புள்ளைக்கு மாத்தணும். மாத்திகினே இருக்கறதுக்கா நான் அங்க நெலத்த வெச்சிகினு கீறேன்? நான் செம்மங்குப்பம். வேணும்னா வாங்குங்க, வேணாம்னா போங்க. எடம் இல்லன்னா அத சொல்லுங்க, கூடைய தூக்கிகினு போறேன்.”

தலைவர் தொண்டையைச் செருமினார். “அப்ப வேற வழியில்லம்மா.”

செந்தாமரை குனிந்து கூடையை எடுத்தார். அப்போது கோவிந்தம்மாள் ஓரமாகப் போய்ப் பாக்கைத் துப்பிவிட்டு வந்தார்.

“சார், அவ போனா நானும் போறேன்.”

“நீ எதுக்கும்மா போற? நீ பாலூரு.”

“நான் எந்தக் காலத்துல பாலூரு? அவ எந் தம்பி பொண்டாட்டி. அவ நெலமும் எந் நெலமும் ஒரே வரப்பு. ஒரே மோட்டாரு தண்ணி. காலைல ஒரே ஆட்டோவுலதான் வந்து எறங்கறோம், தெருமுனையில பிரிஞ்சிடறோம்.”

“அண்ணி, நீங்க எதுக்கு இப்ப?” என்றார் செந்தாமரை. அதட்டலும் கெஞ்சலும் கலந்த குரல். காலை முழுக்க இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமலிருந்தது பகையென்று நான் நினைத்திருந்தேன். நாத்தனார் பிழைப்பு கெடக்கூடாது என்றுதான் பார்க்கவில்லை. தன் ஊரை உரக்கச் சொன்னவர், எதிரில் இருந்தவரின் ஊரை ஒருநாளும் சொல்லவில்லை.

“நீ சும்மா இருடி. இத்தினி நாளு நீ திட்டு வாங்கினது போதும்.” கோவிந்தம்மாள் தலைவர் பக்கம் திரும்பினார். “சார், நீங்க மண்ணு பேசுதுன்னு சொல்வீங்க இல்ல, அது எங்க மண்ணுதான். நல்லாதான் பேசியிருக்குது.”

தலைவர் தன் காலடியில் இருந்த பையைப் பார்த்தார். பையிலிருந்து ஒரு கத்திரிக்காய் காம்பை நீட்டிக்கொண்டிருந்தது.

அதற்குள் பின்வரிசையில் ஒரு குரல், “நான் மட்டும் என்னா? நான் காரைக்காடு.” அதுவும் தொழிற்பேட்டையை ஒட்டிய ஊர்தான். முறையிட்டவர்களில் முதல் ஆள் அவர். “நான் கோண்டூரு” என்றார் இன்னொருவர். “எனக்கு திருவந்திபுரம்.” ஏதோ ஏலத்தில் கூப்பிடுவதைப் போல ஊர்கள் விழுந்தன. கூட்டம் முழுக்கத் தேடினாலும் ஒரு பாலூர்க்காரர்கூட இல்லை. நான் அறிந்த ஒரே பாலூர்க்காரர் சிதம்பரத்தில் இருக்கிறார், அவரும் கொள்ளிடக்கரைக்காரர்.

“பாய், தீர்மானத்த என்னா எழுதறது?” என்று யாரோ ஜமாலைக் கேட்டார்.

“எந்தத் தீர்மானம்?” என்றார் தலைவர். எழுந்துபோய் செந்தாமரையின் கூடை முன் நின்றார். ஒரு காயை எடுத்தார். முகர்ந்தார். பழக்கம் விடவில்லை. பிறகு, “அரை கிலோ போடு” என்றார்.

“எந்த ஊருன்னு கேக்கலியே சார்?” என்றார் செந்தாமரை.

அவர் பையை விரித்துப் பிடித்தார்.

அந்த மண்ணையும் தண்ணீரையும் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று கேட்பீர்கள். ஒன்றும் தெரியாது. ரசாயனத்தில் நான் வாங்கிய மதிப்பெண்ணை அண்ணாமலை நகரே மறந்துவிட்டது. கேள்வி கேட்கவேண்டாம் என்று சொல்லவில்லை. நன்றாகக் கேளுங்கள். பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் இருக்கும் இடத்துக்குப் போய், நாற்காலி போட்டு உட்கார்ந்து கேளுங்கள். சாக்கு விரித்து உட்கார்ந்திருப்பவளிடம் மட்டும் கேட்டுவிட்டு, அவள் உண்மையைச் சொன்னதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பொய் சொல்கிறவரிடம் அதே வரப்புக் காயை வாங்கி ‘மண் பேசுகிறது’ என்று சொல்லாதீர்கள். பஸ் ஜன்னலை மூடினால் ஊர் போய்விடாது. அடுத்த முறை அந்த வழியாகப் போனால் என் ஜன்னல் திறந்தே இருக்கும். பலாப்பழம் இருந்தாலும்.

திங்கட்கிழமை சென்னைக்குத் திரும்பினேன். ஒரு பையில் பாலூர்க் கத்திரி, ஒரு பையில் செம்மங்குப்பத்துக் கத்திரி. இரண்டையும் மனைவியிடம் கொடுத்து வித்தியாசம் தெரிகிறதா என்று கேட்டேன். “ரெண்டுலயும் உப்பு போட்டாத்தான் தெரியும்” என்றாள். நான் இனி சந்தைக்கு உள்ளே வருவேன் என்று அவளிடம் அறிவித்தேன். வண்டியை யார் பார்த்துக்கொள்வது என்பது இன்னும் முடிவாகவில்லை.

அடுத்த ஞாயிறு, காலைக் காப்பி முடிவதற்குள் ஜமாலின் போன்.

“மச்சான், செந்தாமர சீக்கிரமே வித்து முடிச்சிட்டு ஊட்டுக்குப் போய்ட்டா. ‘செம்மங்குப்பம்’னு கத்திக் கத்தித்தான் வித்தா. கூடையில ஒரு காம்பு கூட மிஞ்சல.”

எனக்குப் புல்லரித்தது. ஒரு மனிதன் துணிந்து துணை நின்றால் என்னென்ன மாறும் என்று சொல்லத் தொடங்கினேன். ஜமால் குறுக்கிட்டான்.

“இருடா. ஒனக்கு ஒரு சேதி சொல்லச் சொன்னா. அன்னிக்கு நீ வெள்ளச் சட்டையும் பேனாவுமா, காய தூக்கித் தூக்கிப் பாத்துகினு நின்ன இல்ல? சோதன பண்ண வந்த ஆபீசருன்னு நெனச்சிகினு ஒருத்தனும் கிட்ட வரலியாம். வழக்கமா வாங்கறவங்க கூட ஓடிட்டாங்களாம். ‘அடுத்த வாட்டி சார் வந்தா, எங்க அண்ணி பக்கத்துல கொண்டு போயி நிறுத்துங்க பாய்’னா.”